பயிற்சி முடிந்து திரும்பியவர் என்ன செய்தார்?

வேளாண் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுவது என் வேலையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். எந்த அறிக்கையை எடுத்தாலும் பணியாளர் பயிற்சி பற்றி ஒரு பக்கம் இருக்கும். அதில் ஓர் எண் இருக்கும்: இத்தனை பேருக்கு, இத்தனை நாள். பக்கத்திலேயே பேனர் கட்டிய அரங்கில் எடுத்த குழுப் படம் ஒன்று. அந்த எண்ணுக்குப் பிறகு நடந்தது மட்டும் எங்கும் இருக்காது. பயிற்சி முடிந்து திரும்பியவர் அடுத்த திங்கட்கிழமை தன் இடத்தில் உட்கார்ந்து, முன்பு செய்யாத எதைச் செய்தார்?

இது புதிய கேள்வி இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே பயிற்சியை நான்கு படிகளில் எடைபோடச் சொன்னார். வந்தவருக்குப் பிடித்திருந்ததா, ஏதாவது கற்றுக்கொண்டாரா, வேலை செய்யும் விதம் மாறியதா, அந்த மாற்றத்தால் பலன் கிடைத்ததா. நாம் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். கடைசி நாள் மதியம், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நிரப்பும் கருத்துப் படிவம்தான் அந்தப் படி. அப்படிப் பல படிவங்களை உட்கார்ந்து தொகுத்திருக்கிறேன். அறை வசதி நன்று, உணவு நன்று, பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது. சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்னால் யார் குறை எழுதப் போகிறார்கள்?

சரி, இதில் இவ்வளவு கவலைப்பட என்ன இருக்கிறது? ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2024இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள். 1996இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்பை வரையறுத்தபோது விளைச்சலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உணவு இருக்க வேண்டும், அது மக்கள் கைக்கு எட்ட வேண்டும், பாதுகாப்பானதாகவும் சத்துள்ளதாகவும் இருக்க வேண்டும், எல்லாக் காலத்திலும் கிடைக்க வேண்டும். இந்த நான்கில் ஒவ்வொன்றும் எங்கோ ஓர் அலுவலகத்தில், கிடங்கில், ஆய்வகத்தில் இருக்கும் ஒரு பணியாளரின் கை வழியாகத்தான் போகிறது.

பயிற்சி கொடுத்தால் பசி ஒழியும் என்று சொல்ல வரவில்லை. 1847இல், அயர்லாந்துப் பஞ்சத்தின் நடுவில், அங்கிருந்த பிரிட்டிஷ் ஆட்சியின் தலைவர் கிளாரண்டன் பிரபு ஊர் ஊராகப் போய் வேளாண்மை சொல்லித்தர ஆட்களை அனுப்ப ஏற்பாடு செய்தார். இன்றைய வேளாண் விரிவாக்கப் பணியின் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். அந்த ஆட்கள் நல்ல யோசனைகளைத்தான் சொன்னார்கள். ஆனால் கேட்டவர்களில் பலருக்கு அடுத்த ஆண்டு அந்த நிலம் தங்களிடம் இருக்குமா என்பதே தெரியாது. போரும் வறுமையும் நில உரிமைச் சிக்கலும் உண்டாக்கும் பசிக்கு வகுப்பறையில் மருந்து கிடையாது. இதை ஒத்துக்கொண்டுவிட்டால்தான் பயிற்சியால் எது முடியும் என்று நேர்மையாகப் பேச முடியும்.

முதலில், யாருக்குப் பயிற்சி என்ற விஷயம். அழைப்புக் கடிதம் வந்ததும் நிறுவனத்தில் நடக்கும் நாடகம் பலருக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டுப் பயிற்சி என்றால் மேலே இருப்பவர். உள்ளூர்ப் பயிற்சி என்றால், அந்த வாரம் யாருக்கு வேலை குறைவோ அவர். கிடங்குக் காப்பாளரும் ஆய்வக உதவியாளரும் எடை போடுபவரும் பட்டியலில் வருவதே இல்லை. உணவு வீணாவதும் விஷமாவதும் பெரும்பாலும் அவர்கள் நிற்கும் இடத்தில்தான்.

2004இல் கென்யாவின் கிழக்கு, மத்தியப் பகுதிகளில் மக்காச்சோளம் சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதிவானவர்கள் 317 பேர், அவர்களில் 125 பேர் இறந்துவிட்டார்கள். காரணம் அஃப்ளாடாக்சின். சரியாகக் காயாமல் சேமித்த தானியத்தில் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது. உணவு இருந்தது, அதைச் சாப்பிட்டவர்கள்தான் இறந்தார்கள்.

இதைத் தடுக்க நிறுவனங்கள் முதலில் செய்வது சோதனைக் கருவி வாங்குவது. கருவி தவறில்லை. ஆனால் அஃப்ளாடாக்சின் ஒரு குவியலில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. ஆயிரக்கணக்கான மணிகளில் சிலவற்றில் மட்டும் மிக அதிகமாக இருக்கும், மற்றவை சுத்தமாக இருக்கும். மேலே இருக்கும் மூட்டையின் வாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால், கருவி அந்தக் கைப்பிடியைப் பற்றி மிகத் துல்லியமாகப் பதில் சொல்லும். குவியலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இந்தச் சோதனையில் வரும் பிழையில் பெரும்பங்கு மாதிரி எடுப்பதில்தான் வருகிறது. பல மூட்டைகளில், பல ஆழத்தில் குத்தூசி போட்டு எடுத்து, எல்லாவற்றையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து சோதனைக்குப் பிரிக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரி இல்லை, கிடங்கில் நிற்கும் ஆள். அவருக்கு இதன் காரணத்தை யாரும் உட்கார்த்திச் சொன்னதில்லை. குத்து எண்ணிக்கையை மட்டும் சொல்லி, ஏன் என்று சொல்லாமல் விட்டால், வெயில் ஏறினதும் அவர் குத்துகளைக் குறைத்துக்கொள்வார். நானாக இருந்தாலும் குறைப்பேன்.

பாஸ்பைன் புகையூட்டலும் இதே கதைதான். தானியக் குவியலைத் தார்ப்பாயால் மூடி, மாத்திரை வைத்து, வாயுவை உள்ளே நிறுத்திப் பூச்சிகளைக் கொல்லும் முறை. உலகம் முழுக்கக் கிடங்குகள் இதை நம்பித்தான் இருக்கின்றன. விளிம்பில் மணல் மூட்டை சரியாக வைக்காவிட்டால், கிழிசலை ஒட்டாவிட்டால் வாயு கசியும். வேண்டிய அளவு வேண்டிய நாட்களுக்கு நிற்காது. பலவீனமான பூச்சிகள் சாகும், தாங்கும் சக்தி உள்ளவை பிழைத்துப் பெருகும். இப்படித்தான் பாஸ்பைனைத் தாங்கும் பூச்சிகள் பல நாடுகளில் பரவிவிட்டன. ஒவ்வொரு கசியும் தார்ப்பாயும் அடுத்த கிடங்குக்காரருக்கு வைத்த கடன். அதோடு, இந்த வாயு ஆளையும் கொல்லும். இதற்கு ஒரு நாள் பவர்பாயிண்ட் போதாது. அவர் கையாலேயே மூடி, கசிவைக் கருவியில் பார்த்து, சரிசெய்து, மறுபடி பார்க்க வேண்டும்.

விதைப் பரிசோதனை ஆய்வகங்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னே போயிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். 1924இல் தொடங்கிய சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிப்படி முளைப்புத் திறன் சோதனைக்கு வழக்கமாக 400 விதைகள், நூறு நூறாக நான்கு பிரிவு. எண்ணுவது எளிது. முளைத்த நாற்றுகளில் எது இயல்பானது, எது ஊனமானது என்று பிரிப்பதுதான் கஷ்டம். அதற்குக் கண் பழக வேண்டும். அந்தச் சங்கம் ஒரே விதைக் குவியலிலிருந்து மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, யார் என்ன முடிவு சொல்கிறார்கள் என்று ஒப்பிடுகிறது. விலகிப்போகும் ஆய்வகத்துக்குத் தன் கண் எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிடும். கற்றது கையில் இருக்கிறதா என்பதை வேலையே சோதித்துக்கொண்டிருக்கும். இங்கே கருத்துப் படிவத்துக்கு வேலையே இல்லை.

அப்புறம், களப்பணியாளர்கள். 1960களில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் விரிவாக்கப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது ஒரு சங்கடமான உண்மை தெரிந்தது. விவசாயிக்கு நெல் பற்றி ஆலோசனை சொல்லும் பொறுப்பில் இருந்தவர்களில் பலருக்கு வயலில் நின்று ஒரு பயிரின் குறையைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. படிப்பு இருந்தது, வயல் பழக்கம் இல்லை. ஆகவே விரிவுரையோடு சேர்த்து அவர்களைச் சேற்றில் இறக்கினார்கள். உழுது, நட்டு, களை எடுத்து, அறுவடை வரை அவர்களே செய்தார்கள். களப்பணியாளர் விவசாயியைத் தவிர்ப்பதைச் சோம்பல் என்று பலர் நினைக்கிறார்கள். கேள்வி கேட்டால் பதில் தெரியாதே என்ற பயம்தான் பல நேரம் காரணம்.

இந்தோனேசியாவின் கதை இதைவிடப் பெரியது. எழுபதுகளின் நடுவிலிருந்தே அங்கே புகையான் பூச்சி நெல்லை அழித்துக்கொண்டிருந்தது. அரசு மானியத்தில் பூச்சிக்கொல்லி கொடுத்தது. அடிக்க அடிக்கப் புகையான் கூடியது. புகையானைத் தின்னும் சிலந்திகளையும் வண்டுகளையும் மருந்து கொன்றது, புகையானின் முட்டைகளோ இலை உறைக்குள் பத்திரமாக இருந்தன. 1986இல் அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989க்குள் மானியமும் நின்றது. அதே ஆண்டு, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின.

அந்தப் பள்ளிகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பள்ளியை நடத்தப்போன பணியாளர்களை எப்படித் தயார் செய்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மாதக்கணக்கில் நீண்ட பயிற்சி, ஒரு பருவம் முழுக்கத் தாங்களே நெல் பயிரிடுவது. வாரம் ஒருமுறை வயலில் இறங்கி எந்தப் பூச்சி எத்தனை என்று எண்ணி, படம் வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று விவாதித்து முடிவெடுப்பது. அதுவரை மேலிருந்து வந்த மருந்துப் பரிந்துரையைக் கீழே கடத்திய ஆள், இப்போது “எண்ணிப் பார்ப்போம்” என்று சொல்லும் ஆளானார். மானியம் நிற்காமல், தடை வராமல் இந்தப் பயிற்சி மட்டும் நடந்திருந்தால்? பணியாளர் ஒன்று சொல்ல, அவருடைய துறையே மலிவு விலையில் மருந்து விற்றுக்கொண்டிருக்கும். விதியும் பயிற்சியும் ஒரே திசையில் இழுத்ததுதான் அங்கே நடந்த அபூர்வம்.

1990களின் இறுதிக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தோனேசிய விவசாயிகள் அந்தப் பள்ளிகளைக் கடந்திருந்தார்கள். ஆனால் 2004இல் உலக வங்கி ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட ஆய்வு, பள்ளிக்குப் போனவர்களின் விளைச்சலிலோ பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை, பக்கத்து வயல்காரருக்கும் அது பரவவில்லை என்றது. வேறு ஆய்வுகள் நல்ல பலன் கண்டதாகச் சொல்கின்றன, சண்டை இன்னும் ஓயவில்லை. நான் இதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: ஆயிரம் பேரோடு நுணுக்கமாகச் செய்ததைப் பத்து லட்சம் பேருக்கு விரிக்கும்போது, நடத்துபவரின் தரம் நீர்த்துப்போகிறது.

இந்த நீர்த்துப்போதல்தான் நிறுவனங்களின் செல்லப் பிள்ளையான சங்கிலிப் பயிற்சியின் குறை. தலைமையகத்தில் பத்துப் பேருக்குச் சொல்லு, அவர்கள் நூறு பேருக்குச் சொல்லட்டும், அந்த நூறு பேர் விவசாயிகளுக்கு. காகிதத்தில் அழகாக விரியும். மொசாம்பிக்கில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. ஓரிடத்தில் வழக்கம்போல விரிவாக்கப் பணியாளர்கள் வழியாக முன்னோடி விவசாயிகளுக்குச் செய்தி போனது. இன்னோரிடத்தில் அந்த விவசாயிகளையே நேராகக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். நேராகக் கற்றவர்கள் புதிய நில மேலாண்மை முறைகளை நன்றாகக் கைக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து மற்ற விவசாயிகளுக்குப் போனது மட்டும் குறைவுதான். சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைத்ததற்கே இவ்வளவு வித்தியாசம்.

பயிற்சியை நிறுவனத்தின் முதுகெலும்பாகவே வைத்த திட்டமும் இருந்தது. இஸ்ரேலிய நிபுணர் டேனியல் பெனோர் வடிவமைத்து, உலக வங்கி 1970களின் நடுவிலிருந்து சுமார் 70 நாடுகளில் பரப்பிய ‘பயிற்சியும் பார்வையும்’ திட்டம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை களப்பணியாளருக்குப் பாட நிபுணரிடம் பயிற்சி. மற்ற நாட்களில் குறித்த நாளில், குறித்த ஊரில், குறித்த விவசாயிகளைப் பார்க்க வேண்டும். உரம் விற்பது, கடன் வசூலிப்பது, புள்ளிவிவரம் எடுப்பது போன்ற வேலைகள் அவர் தலையிலிருந்து இறக்கப்பட்டன. இந்தக் கடைசி அம்சம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஓர் ஆளுக்கு என்ன வேலை இல்லை என்று தெளிவாகச் சொன்ன திட்டங்கள் அரிது.

ஆனாலும் அது நிலைக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சொல்லப் புதிதாக என்ன இருக்கிறது? ஆராய்ச்சி நிலையங்களால் அந்த வேகத்துக்குத் தீனி போட முடியவில்லை. பழைய செய்தியே சுற்றிவந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் பணம். ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்த பணியாளர்களின் சம்பளமும் பயணப்படியும் திட்டக் கடன் இருந்தவரை ஓடியது. கடன் முடிந்ததும் சம்பளம் தொடர்ந்தது, பயணப்படி நின்றது. வண்டிக்கு எரிபொருள் இல்லாத களப்பணியாளர் எவ்வளவு பயிற்சி பெற்றவராக இருந்தால் என்ன, அலுவலகத்தில்தான் இருப்பார். 1990களின் இறுதிக்குள் உலக வங்கியே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

பயிற்சிக்கும் வயதாகும் என்பதற்குப் பாலைவன வெட்டுக்கிளியைவிட நல்ல சாட்சி கிடையாது. 2003–05இல் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அதைச் சுற்றியும் வெட்டுக்கிளிக் கூட்டங்கள் பரவியபோது ஏறத்தாழ 1 கோடி 30 லட்சம் ஹெக்டேரில் மருந்து அடிக்க வேண்டியிருந்தது. இறக்கை முளைக்காத குஞ்சுப் பருவத்திலேயே கண்டுபிடித்திருந்தால் அதில் சிறு பகுதி போதும். அதற்கு ஆளரவமற்ற நிலத்தில் வண்டியோட்டிப் போய், தனித்து வாழும் கிளி எது, கூட்டம் சேரத் தொடங்கியது எது என்று நிறத்தையும் நடத்தையையும் பார்த்துச் சொல்லும் ஆள் வேண்டும். வெட்டுக்கிளி வராத ஆண்டுகளில் இந்த ஆள் ஒரு வீண் செலவாகத் தெரிவார். நிதி குறையும், அவர் ஓய்வு பெறுவார், இடம் நிரப்பப்படாது. 2020இல் கென்யாவுக்கு வந்தது எழுபது ஆண்டுகளில் அந்த நாடு பார்த்த மிக மோசமான படையெடுப்பு. பணியில் இருந்த யாரும் அந்த அளவில் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் சில 2005க்குப் பிறகு வெட்டுக்கிளிக்கென்றே தனிப் பிரிவுகளை வைத்து, அமைதியான ஆண்டுகளிலும் ஆய்வுப் பயணங்களை நடத்திவருகின்றன. ஆபத்து வராத ஆண்டில் பயிற்சியைத் தொடர்வதுதான் நிறுவனத்துக்கு உண்மையான சோதனை என்று நினைக்கிறேன்.

பெண் பணியாளர்கள் பற்றி ஒரு வார்த்தை. வளரும் நாடுகளில் விவசாயத்தில் உழைப்பவர்களில் சுமார் 43 சதவீதம் பெண்கள் என்று உணவு வேளாண் அமைப்பின் 2010–11 அறிக்கை சொன்னது. 1980களின் இறுதியில் அதே அமைப்பு எடுத்த கணக்கில் விரிவாக்கப் பணியாளர்களில் பெண்கள் 15 சதவீதம்தான். அதற்குப் பிறகு எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஆனாலும் குழந்தை வைத்திருக்கும் பணியாளர் வந்து தங்க முடியாத இடத்தில், ஒரே மூச்சில் இரண்டு வாரம் என்று பயிற்சியை வைத்துவிட்டு, பெண்கள் விண்ணப்பிக்கவில்லை என்று குறிப்பு எழுதும் வழக்கம் போகவில்லை.

இத்தனைக்கும் பிறகு, பயிற்சிக்கு ஆள் அனுப்பும் படிவத்தில் நான் என்ன மாற்றுவேன் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பெயர், பதவி, கல்வித் தகுதி எல்லாம் இருக்கட்டும். கூடவே மூன்று வரிகள், அதுவும் அனுப்பும் அதிகாரி தன் கையெழுத்தோடு நிரப்ப வேண்டியவை. திரும்பி வந்ததும் இவர் செய்யப்போகும் புதிய வேலை என்ன? அதற்கு வேண்டிய கருவியும் பயணச் செலவும் எந்தக் கணக்கில் இருக்கிறது? குறைந்தது எத்தனை பருவத்துக்கு இவரை இடமாற்றம் செய்ய மாட்டீர்கள்? மண் பரிசோதனை கற்று வந்தவரை அடுத்த மாதமே பட்டுவாடாப் பிரிவில் உட்கார வைத்த கதை எந்த நாட்டு வேளாண் துறையிலும் கிடைக்கும்.

ஒரு நிறுவனத்தில் இந்த யோசனையைச் சொன்னபோது, மூன்றாவது வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். இடமாற்றம் தங்கள் கையில் இல்லையாம். எனக்கு மற்ற இரண்டு வரிகளைவிட அந்த வரிதான் முக்கியம். நெல்லோ மக்காச்சோளமோ, ஒரு பயிரில் கற்றதைச் சொந்தமாக்கிக்கொள்ள ஆளுக்குக் குறைந்தது இரண்டு மூன்று பருவம் வேண்டும். மழை பிந்திய ஆண்டையும் பூச்சி கூடிய ஆண்டையும் அதே இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். அதுவரை அவரை அங்கே விட்டுவைக்க முடியாதென்றால், அந்த அழைப்புக் கடிதத்தை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.